காலி ஸ்டூலுக்கு ஃபோகஸ்: வீட்டிலேயே டைமர் வைத்து உங்களை நீங்களே படமெடுக்க

டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்து எடுத்த படத்தைத் திறந்தால், பின்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி பளிச்சென்று இருக்கும். முகம் மட்டும் கலங்கியிருக்கும். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. பல டிஎஸ்எல்ஆர்களில் பட்டனை அழுத்தும் கணத்திலேயே ஃபோகஸ் பூட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். அதன் கண்ணுக்குத் தெரிவது சுவர்தான். வெளிச்சக் கணக்கிலும் இதே கதை: ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றபடி அழுத்தினால், நீங்கள் இல்லாத ஓர் அறைக்கு எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) போடப்படும். ஆகவே நீங்கள் போய் உட்காருமுன்பே எல்லாவற்றையும் முடிவுசெய்து பூட்டிவிட வேண்டும். டைமர் படத்தின் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

இங்கே சொல்வது கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸ் உள்ள, சாதாரண கிராப் சென்சார் (ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து எடுக்கும் அரை உருவப் படத்துக்கு.

இடமும் வெளிச்சமும்

நேர்வெயில் விழாத ஜன்னல் வேண்டும். கிழக்கு ஜன்னல் என்றால் மதியத்துக்குப் பிறகு, மேற்கு என்றால் காலையில். வெயில் அடித்தால் ஜன்னல் கம்பிகளின் நிழல் முகத்தில் கோடுகோடாக விழும். மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் குறுக்கே கட்டினால் வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். ஸ்டூலை ஜன்னலிலிருந்து ஒன்று, ஒன்றேகால் மீட்டரில் போடுங்கள். ஜன்னல் உங்களுக்கு நேர் பக்கவாட்டில் இல்லாமல், சற்று முன்பக்கமாக இருக்கட்டும். பின்சுவர் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் நிழல் ஒட்டாது, சுவரின் அழுக்கும் தெரியாது.

முகத்தின் மறுபக்கம் இருண்டு போகும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு தெர்மாகோல் தட்டை அந்தப் பக்கம் அரை மீட்டர் தள்ளி நாற்காலியில் சாய்த்து வைத்தால் போதும். இதற்கு மேல் லைட் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறத்திலும் மறு கன்னம் வேறு நிறத்திலும் வரும். கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. பச்சை பெயின்ட் அடித்த அறையென்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியும் ஓடக்கூடாது. முடி பறப்பது மட்டும் காரணமில்லை: கேமராவின் வார் காற்றில் ஆடினால் லேசான ட்ரைபாடும் கூடவே ஆடும்.

கேமரா

லென்ஸின் ஜூமை 50 எம்எம்-இல் வைத்து, ஸ்டூலிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கேமராவை நெடுக்காகத் திருப்பி நிறுத்துங்கள். சுமார் 90 செ.மீ. உயரம் சட்டத்துக்குள் வரும்; தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இடுப்புவரை எடுக்க இது சரியான அளவு. இடமில்லை என்று 18-க்கு வந்து கிட்டே நெருங்கினால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். 45 செ.மீ. ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருபவரின் கண் தரையிலிருந்து 115 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும், லென்ஸும் அதே உயரத்தில் இருக்கட்டும். ட்ரைபாட் இல்லாவிட்டால் மேஜைமேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஒரு கிலோ அரிசி போட்ட துணிப்பையை வைத்து அதில் கேமராவை அமுக்கி உட்கார வையுங்கள். பை எந்தச் சாய்வுக்கும் வளைந்துகொடுக்கும்.

மோடு மேனுவல், அதாவது எல்லா அளவையும் நீங்களே வைப்பது. ஷட்டர் 1/125 விநாடி, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800-இல் ஆரம்பித்து, சோதனைப் படத்தைப் பார்த்து 1600 வரை ஏற்றலாம். முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை முடிவுசெய்யுங்கள், சுவரைப் பார்த்து அல்ல. மாநிறமோ கறுப்போ, தோல் இருக்கிறபடி வரவேண்டும்; முகம் வெளுத்து வந்தால் அது நல்ல எக்ஸ்போஷர் ஆகாது, நெற்றியின் விவரம் போய்விட்டது என்று அர்த்தம். ட்ரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடலாம்.

ஒட்டடைக்குச்சி உங்களுக்குப் பதிலாக உட்காரட்டும்

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் பெரும்பாலும் ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒட்டடைக்குச்சியைச் செருகி நிறுத்துங்கள். உங்கள் கண் வரும் உயரத்தில் ஒரு செய்தித்தாள் துண்டைத் துணிக் கிளிப்பால் மாட்டுங்கள். அச்செழுத்தில் கறுப்பும் வெள்ளையும் நெருங்கி இருப்பதால் ஆட்டோஃபோகஸ் தடுமாறாமல் பிடித்துக்கொள்ளும்; தலையணையை வைத்தால் அது பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். நடு ஃபோகஸ் புள்ளியைத் தாளின்மேல் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிடித்ததும் லென்ஸை எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸ்) மாற்றுங்கள். லென்ஸில் சுவிட்ச் இல்லாத மாடல்களில் இது மெனுவில் இருக்கும். இதற்குப் பிறகு ஜூம் வளையத்தைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான். கேமரா தானாகத் தூங்கி எழுந்தாலும் சில லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்துவிடும். ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. குச்சி நிற்பது ஸ்டூலின் நட்டநடுவில். நீங்கள் உட்கார்ந்தால் கண் அதைவிட முன்னால் வரும். ஆகவே குச்சியை எடுத்ததும் ஸ்டூலை நான்கு விரல் அகலம் பின்னுக்குத் தள்ளி, அதன் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காது கூர்மை, கண் மங்கல் என்றால் ஸ்டூல் இன்னும் பின்னுக்குப் போகவேண்டும். மூக்குநுனி கூர்மையாக இருந்தால் முன்னுக்கு. 5.6-இல் ஏறக்குறைய 34 செ.மீ. ஆழம் கூர்மையாக நிற்கும் என்பதால் சின்னத் தவறு மறைந்துவிடும். 50 எம்எம் 1.8 லென்ஸின் அபர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்தால் அந்த ஆழம் சுமார் 11 செ.மீ.-தான், மூச்சு விட்டுச் சாய்ந்தாலே கண் வெளியே போய்விடும். டைமருக்கு அது வேண்டாம்.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் குச்சி தேவைப்படாமல் போகலாம். ஆனால் அதுவும் டைமர் முடியும்போது ஃபோகஸ் செய்கிறதா, தொடங்கும்போதே செய்துவிடுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சட்டத்தையும் குச்சியை வைத்தே சரிபாருங்கள். 1839-இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் தன்னைத்தானே எடுத்த படத்தில் அவர் நடுவில் இல்லை, ஒருபக்கம் ஒதுங்கி நிற்கிறார். டைமரும் கிடையாது, வியூஃபைண்டரில் பார்த்துச் சொல்ல ஆளும் கிடையாது.

அந்தப் பத்து விநாடி

டைமரை 10 விநாடிக்கும், தொடர் படங்கள் எடுக்கும் வசதி இருந்தால் மூன்று முதல் ஐந்து படங்களுக்கும் வையுங்கள். முதல் படத்தில் முகம் விறைப்பாகத்தான் இருக்கும். ஷட்டர் சத்தம் கேட்டு உடம்பு தளர்ந்த பிறகு வரும் இரண்டாவதோ மூன்றாவதோ தேறும். பீப் சத்தத்தை அணைக்காதீர்கள். பல கேமராக்களில் கடைசி 2 விநாடியில் அது வேகமெடுக்கும். அதுவரை கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு உட்காருங்கள்; வேகம் மாறியதும் மூச்சை விட்டபடி கண்ணைத் திறந்து, தாடையை இம்மி முன்னால் நீட்டிச் சற்றே இறக்குங்கள். பத்து விநாடியும் சிரித்துக்கொண்டிருந்தால் சிரிப்பு உறைந்துபோகும்.

பார்வை எங்கே? மின்னும் டைமர் விளக்கைப் பார்த்தால் கண் ஒருபக்கம் ஒதுங்கும். திருப்பி வைத்த திரையைப் பார்த்தால் இன்னும் மோசம். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடின் மேல் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே பாருங்கள். லென்ஸ் கண்ணாடியின்மேல் ஒட்டிவிடாதீர்கள்.

மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால், அதன் கைகளைக் காதுக்கு மேல் அரை விரல் தூக்கி வையுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகும். நெற்றியில் எண்ணெய் மின்னினால் பவுடரைவிட டிஷ்யூ பேப்பரால் ஒற்றுவது மேல். பீரோக் கண்ணாடியில் ட்ரைபாட் தெரிகிறதா என்றும் ஒரு பார்வை.

எடுத்த படங்களைப் பார்த்ததும் 'முகம் கோணலா இருக்கே' என்று தோன்றும். நீங்கள் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகம். கேமரா காட்டுவது மற்றவர்கள் பார்க்கும் முகம். அழிப்பதற்கு முன் ஃபோனில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் பிடிக்காததை மட்டும் அழியுங்கள். தரையில் ஒட்டிய டேப்பை அதுவரை உரிக்க வேண்டாம்.