உணவை ஒதுக்கும் மகளுக்கு உளவியல் சிகிச்சை: பெற்றோர் செய்ய வேண்டியவை

உணவைக் குறைத்துக்கொண்டே வந்த மகளுக்கு மாதவிடாய் நின்று, எழுந்தால் தலை சுற்றும் நிலை வந்துவிட்டால், உளவியலாளரைத் தேடும்போதே மருத்துவரிடமும் காட்டி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ரகசியமாக வாந்தி எடுப்பவர்களுக்கு, எடை சரியாக இருந்தாலும், பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறக்கூடும். மயங்கி விழுந்தால் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் அனரெக்ஸியா நோய்க்கு, வளரிளம் பருவத்தினரிடம் முதலில் பரிந்துரைக்கப்படுவது, 1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை முறை. ஏறத்தாழ 20 அமர்வுகள், 6 முதல் 12 மாதங்கள் வரை நடக்கும். நோய்க்குக் காரணம் யார் என்று இதில் தேடுவதில்லை. எதை, எவ்வளவு உண்பது என்பதைச் சில காலம் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். இரண்டாவது அமர்வுக்கு வீட்டுச் சாப்பாட்டையே டிபன் கேரியரில் கொண்டுவரச் சொல்வார்கள். தயிர்சாதத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி மகள் நேரத்தைக் கடத்தும்போது, கலோரிக் கணக்கில் வாதாடாமல், "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா, நான் இங்கேயேதான் இருக்கேன், இன்னும் ஒரு வாய்" என்று கோபமின்றித் திரும்பத் திரும்பச் சொல்ல அங்கே தாய் பழகுகிறார். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையும் உடன் உட்கார வேண்டும். இந்தப் பாரம் ஒருவரால் சுமக்கக்கூடியது அன்று.

திடீரென்று தொடங்கிய வெள்ளிக்கிழமை விரதத்தைப் பக்தி என்று பாராட்டிவிடாமல், மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்திவையுங்கள். எடை கூடத் தொடங்கும் வாரங்களில், கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியம்மா அன்போடு சொல்லும் "இப்பதான் பூசினாப்பல இருக்கே" என்பதுகூட அடுத்த வேளைச் சோற்றை நிறுத்திவிடலாம்; உறவினரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

எடை தேறியதும் பொறுப்பு படிப்படியாக மகளிடம் திரும்பும். பிறகு நட்பு, படிப்பு போன்ற வயதுக்குரிய பேச்சுகள். அளவின்றி உண்டு வாந்தி எடுக்கும் புலிமியாவுக்கு, உண்டதையும் அப்போதைய மனநிலையையும் குறித்துவைத்து, வேளை தவறாமல் உண்ணப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் உதவும். வீட்டில் வன்முறை இருந்தால் குடும்ப சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையே தேர்ந்தெடுத்து, உணவுக் கோளாறுகளில் அனுபவம் உண்டா, மருத்துவரோடு தொடர்பில் இருப்பாரா என்று முதல் நாளே கேளுங்கள். பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு மாதக்கணக்கில் தன்னம்பிக்கை பற்றி மட்டும் பேசுபவர் இந்நோய்க்குப் போதுமானவர் அல்லர் என்பது என் கருத்து. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவை அணுகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அதற்குப் பதிலாகத் தலைமையாசிரியரிடம் பேசி, சில வாரங்களுக்கு மதிய இடைவேளையில் தாயோ நம்பிக்கைக்குரிய ஆசிரியையோ உடன் அமர்ந்து உண்ண அனுமதி பெறுங்கள்.