பிரையன் மே ஒலி: ஆம்பை முழுக்கத் திறந்து கிட்டாரில் அடக்குவது

குவீன் ராக் குழுவின் எழுபதுகளின் பதிவுகளில் பாடுவது போல இழையும் பிரையன் மேயின் கிட்டார் ஒலிக்காகப் பலர் முதலில் வாங்குவது டிஸ்டார்ஷன் பெடல், அதாவது ஒலியைக் கரகரக்க வைக்கும் கால்பெட்டி. அது தேவையே இல்லை. அடிப்படைச் சங்கிலி மூன்றே கண்ணி: கிட்டார், உச்ச ஒலிகளைத் தூக்கிவிடும் ட்ரெபிள் பூஸ்டர், வாக்ஸ் ஏசி30 வால்வு ஆம்ப்.

ஏசி30-இன் நார்மல் சேனலில் செருகி, வால்யூமைக் கடைசிவரை திருப்புங்கள். டாப் பூஸ்ட் என்ற மற்றொரு சேனலின் ட்ரெபிள், பாஸ் குமிழ்கள் இந்தச் சேனலைத் தொடாது. கட் என்ற குமிழ் மட்டும்தான் இதில் வேலை செய்யும். அதை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும், கூடாது. ஆம்பின் நான்கு இஎல்84 அவுட்புட் வால்வுகளும் கேத்தோடு பயாஸ் என்ற இணைப்பு முறையில், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியேறும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிச் சீராக்குவது) இல்லாமல் ஓடுவதால் ஒலி திடீரென உடையாமல் படிப்படியாகக் கரகரக்கும். சத்தம் காதைப் பிளக்கும் என்பதால், ஓம் அளவு ஒத்துப்போகும் அட்டென்யுவேட்டரை (சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இவ்வளவு திறந்த ஆம்பில் பாஸ் கூழாகிவிடும். அதை முன்கூட்டியே வடிகட்டத்தான் பூஸ்டர். பிரையன் மே ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் பூஸ்டரில் ஒரே ஓசி44 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், உள்ளே நுழையும் இடத்தில் 0.005 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நகல் செய்தால் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில் சுமார் மைனஸ் 7 வோல்ட் வருமாறு பயாஸை (ஒலி வராதபோது இருக்கும் மின்நிலை) சரிசெய்யுங்கள். வெப்பம் ஏறினால் அது நகரும், ஒலி அடைத்து, சுரங்கள் அறுந்து வரும். கிட்டாரிலிருந்து நேராக இதற்குள் செல்ல வேண்டும். இடையில் சிக்னலை வலுவாக்கும் பஃபர் பெடல் இருந்தால் ஒலி கீச்சிடும். கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது கரகரப்பு அழகாகத் தெளிவதும் கெடும். பழைய சர்க்யூட் பாசிட்டிவ் கிரவுண்ட் (பாசிட்டிவ் முனையே பொது முனை), ஆகவே மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரி நிம்மதி.

மேயின் ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்கள் (கம்பி அதிர்வை மின்சாரமாக்குபவை) சீரீஸில், ஒன்றன்பின் ஒன்றாக, இணைந்திருக்கும். அதிகம் கேட்பது பிரிட்ஜ் பிக்கப்பும் நடு பிக்கப்பும், ஒரே ஃபேஸில், அதாவது அலைகள் ஒரே திசையில் சேர்வது. ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரில் இதே ஜோடி பேரலல், அதாவது பக்கவாட்டு, இணைப்பு. அதனால்தான் மெலிந்து ஒலிக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பின் கிரவுண்ட் வயரைக் கழற்றி, ஸ்விட்சிலிருந்து எடுத்த நடு பிக்கப்பின் ஹாட் வயரோடு சால்டர் செய்யுங்கள். மூக்கால் பேசுவது போல வந்தால் ஃபேஸ் தலைகீழ்: நடு பிக்கப்பின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

கம்பியை மீட்டும் பிக்குக்குப் பதில் சிக்ஸ்பென்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் நாணயம். கிடைக்காவிட்டால் விளிம்பில் வரிகள் உள்ள எந்த நாணயமும் போதும். தளர்வாகப் பிடியுங்கள். கம்பிக்கு இணையாக வைத்தால் மிருதுவாகத் தொடங்கும்; சாய்த்தால் வரிகள் உரசி ஒவ்வொரு சுரத்தின் முன்னும் சிறு கரகரப்பு வரும்.

ரிதத்துக்குக் கிட்டார் வால்யூம் சுமார் 4, சோலோவுக்கு 10. அடுக்கு ஹார்மனியில் ஒவ்வொரு குரலையும் தனி ட்ராக்கில் பதியுங்கள். ஒரே ஆம்பில் இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவை ஒன்றையொன்று கலக்கிச் சேறாக்கிவிடும்.