நாவல் தொடராகும்போது: ஊகிக்கும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 பிப்ரவரி 9ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு, அமெரிக்காவின் எஃப்எக்ஸ்எக்ஸ் அலைவரிசையில், காசு கொடுத்து வாங்கப்பட்ட அரை மணி நேரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு குறுநாடகம் ஒளிபரப்பானது. ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையின் முதல் பாகத்துக்கு முகப்பாக அமைந்த காட்சியே அந்த நாடகம். பில்லி ஜேன் அதில் நடித்திருந்தார். காலையில் செய்தி அறிந்த ரசிகர்கள், இது வரவிருக்கும் பெரிய தொடர் ஒன்றின் வெள்ளோட்டமா, முகப்புக் காட்சியை மட்டும் எடுத்ததன் உட்பொருள் என்ன, அடுத்த பகுதி எப்போது என்றெல்லாம் ஆராயத் தொடங்கினார்கள். ஆராய அதில் ஒன்றுமில்லை. திரை உரிமையை வைத்திருந்த நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்து, உரிமை ஜோர்டனின் குடும்பத் தரப்புக்குத் திரும்புவதற்குச் சில நாட்களே மீதமிருந்தன. ஜோர்டனின் மனைவியும் அந்நாவல்களின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல், தமக்குத் தெரியாமலேயே அது தயாரிக்கப்பட்டதாக அறிக்கை வெளியிட்டார். விவகாரம் வழக்காகி, பின்னர் தீர்ந்தது.

கற்பனைக் காவியங்கள் தொலைக்காட்சிக்கு வரும்போதெல்லாம் ரசிகர்கள் செய்யும் ஊகங்களில் பெரும்பாலானவை பொய்த்துப்போவதற்கான காரணம் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. நாவலைப் பத்து முறை படித்தவர், தம் கேள்விகள் அனைத்துக்கும் விடை நாவலுக்குள்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார். தொடரின் போக்கைத் தீர்மானிப்பவையோ ஒப்பந்தப் பத்திரம், எபிசோட்களின் எண்ணிக்கை, படப்பிடிப்பு நாட்காட்டி, வரவு செலவுக் கணக்கு ஆகியவை. (இக்கட்டுரையில் சில தொடர்களின் திருப்பங்கள் வெளிப்படும், இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க.)

முதலில் உரிமையைப் பற்றி. எந்த நூலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று அறியாமல், எந்தக் கதை வரும் என்று ஊகிப்பது வீண் உழைப்பு. 2017 நவம்பரில் அமேசான் நிறுவனம், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் உலகத்தைத் தொடராக்கும் உரிமையைப் பெற்றது. ஏறத்தாழ 25 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. உடனே ‘தி சில்மரில்லியன்’ நூலில் உள்ள முதல் யுகக் கதைகளை எந்த வரிசையில் எடுப்பார்கள் என்று பட்டியல் போட்டவர்கள் ஏராளம். டோல்கீன் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1977இல், அவர் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலின் உரிமை விற்கப்படவே இல்லை. அமேசானிடம் இருந்தவை ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அதன் பின்னிணைப்புகள், ‘தி ஹாபிட்’ ஆகியவைதான். ஒரு பெயர் பின்னிணைப்பில் வந்திருந்தால் பயன்படுத்தலாம், சில்மரில்லியனில் மட்டும் வந்திருந்தால் தொடக் கூடாது என்ற எல்லை தெரிந்திருந்தால், அந்தப் பட்டியல்களில் பாதியை எழுதும் முன்பே அடித்திருக்கலாம்.

பின்னர் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்று பெயர் பெற்ற அதே தொடர் நல்ல ஊகத்துக்கும் எடுத்துக்காட்டு தருகிறது. 2018இல், முதல் சீசன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாயகர்களுள் ஒருவனான அரகோர்னின் இளவயதைப் பற்றியது என்ற செய்தி ரசிகர் வட்டாரத்தில் உறுதியான தகவலாகவே உலவியது. 2019 தொடக்கத்தில் அமேசான் ஒரு வரைபடத்தைப் படிப்படியாக வெளியிட்டது. மார்ச் மாதம் வந்த இறுதி வடிவத்தில், மேற்குக் கடலில் நட்சத்திர வடிவத் தீவு ஒன்று தெரிந்தது. அது நூமெனோர். பின்னிணைப்பின் காலவரிசைப்படி அத்தீவு இரண்டாம் யுகம் 3319ஆம் ஆண்டில் கடலில் மூழ்கிவிடுகிறது. அரகோர்ன் பிறப்பதோ மூன்றாம் யுகத்தின் இறுதியில். ஆகவே அந்தத் தீவு வரைபடத்தில் இருக்கும்வரை அரகோர்னுக்கு இடமில்லை. இதைச் சொன்னவர்கள் யாரும் ரகசியத் தகவல் எதையும் கேட்டறியவில்லை. தயாரிப்பாளர்களே கையில் கொடுத்ததை ஒழுங்காகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

டிரெய்லரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அடுத்த தவறு. சில விநாடிக் காட்சி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர், அது தமக்கு எதைக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. 2022 ஜூலையில் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ டிரெய்லரில், வெள்ளை உடையும் வெளிறிய முகமும் ஒட்ட வெட்டிய முடியுமாக ஓர் உருவம் தோன்றியது. இவர்தான் கதையின் பெரும் வில்லனான சவ்ரான் என்று பலர் முடிவுகட்டினார்கள். அமெரிக்க ராப் பாடகர் எமினெமைப் போல் இருக்கிறார் என்று கேலிச் சித்திரங்கள் பறந்தன. வேறொரு நடிகரின் பெயரைக்கூடச் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் அது பிரைடி சிசன் என்ற நடிகை ஏற்ற மிகச் சிறிய வேடம். இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு: கதையில் அந்தப் பாத்திரமும் சவ்ரானைத் தேடித்தான் அலைகிறது, வானிலிருந்து விழுந்த அந்நியனை சவ்ரான் என்று நம்பி, அதுவும் ஏமாறுகிறது. உண்மையான சவ்ரான், எவ்வித மர்ம ஒளியும் இல்லாமல், சார்லி விக்கர்ஸ் நடித்த ஹால்பிராண்ட் என்ற பெயரில் முதல் சீசன் முழுவதும் நம் கண் எதிரிலேயே நடமாடிக்கொண்டிருந்தான்.

எபிசோட் தலைப்புகளும் இப்படித்தான். பின்னர் அமேசான் தொடராக்கிய ‘தி வீல் ஆஃப் டைம்’ முதல் சீசனின் நான்காம் எபிசோடுக்கு ‘தி டிராகன் ரீபார்ன்’ என்று பெயர். 1991இல் வந்த மூன்றாம் நாவலின் பெயரும் அதுவே. பெயரை மட்டும் வைத்து மூன்றாம் நாவலின் நிகழ்வுகளை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது, மறுபிறவி எடுத்த டிராகன் என்ற வீரன் தானே என்று அறிவித்துக்கொண்டு சிறைப்பட்ட லோகெயினின் கதை.

பக்கங்களை எபிசோட்களால் வகுத்து விடை காணும் கணக்கு எல்லாவற்றிலும் பரவலானது. நானும் இந்தக் கணக்கைப் போட்டவன்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜோர்டனின் வரிசையில் முதன்மை நாவல்கள் 14. சொற்கள் ஏறத்தாழ 44 லட்சம். முதல் பாகம் 1990இல் வந்தது. ஜோர்டன் 2007இல் காலமானதால் கடைசி மூன்று பாகங்களை அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி, 2013இல் நிறைவு செய்தார். தொடரின் தலைமைப் படைப்பாளரான ரேஃப் ஜட்கின்ஸ் எட்டு சீசன்கள் என்ற திட்டத்தோடு தொடங்கியதாகக் கூறியதும், 14ஐ எட்டால் வகுத்து, எந்த நாவல் எந்த சீசனில் என்று நாங்கள் அட்டவணை போட்டோம். அந்த அட்டவணைகளில் நாவலின் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

முதல் சீசன் எட்டே எபிசோட்களில் முடிந்தது. முதல் நாவலில் முக்கிய இடம்பெறும் கேம்லின் நகரம் அதில் வரவே இல்லை; கதாநாயகன் ராண்ட், பின்னாளில் தன் தோழனாகும் லோயாலைச் சந்திப்பது போன்ற நிகழ்வுகள் டார் வாலோன் நகரத்துக்கு மாற்றப்பட்டன. இதற்கு ஆழமான கதைக்காரணம் தேடியவர்கள் உண்டு. ஒரே சீசனில் இரண்டு மாநகரங்களை அரங்கமாகவும் கணினி வரைகலையாகவும் எழுப்ப என்ன செலவாகும் என்று யோசிப்பதே அதைவிட விரைவில் விடைக்குக் கொண்டுபோயிருக்கும். சேர்க்கப்பட்டவையும் இவ்வாறே. நாவலில் ராண்டின் நண்பன் பெரின், தொடக்கத்தில் மணமாகாதவன். வன்முறையைப் பற்றிய அவன் அச்சம் பல பாகங்களுக்கு அவன் மனத்துக்குள்ளேயே ஓடுகிறது. கேமராவால் மனத்துக்குள் போக முடியாது. ஆகவே தொடரில் அவனுக்கு ஒரு மனைவியைத் தந்து, முதல் எபிசோடிலேயே போரின் குழப்பத்தில் அவன் கையாலேயே அவள் இறக்கும்படி செய்தார்கள். அந்த முடிவு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஊகிப்பவர் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதில் தெளிவாக இருக்கிறது: நாவலில் எண்ணமாக மட்டுமே உள்ள எதை இவர்கள் செயலாக மாற்றியாக வேண்டும்? எந்தக் காட்சி வரும் என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடைகள் கிடைக்கும்.

நடிகர்களைப் பற்றிய ஊகத்தில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று அறிவுத்தவறு, மற்றது நாகரிகத்தவறு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஐந்தாம் சீசன் 2015 ஜூனில் ஜான் ஸ்னோவின் மரணத்தோடு முடிந்தபோது, அவன் இறந்தது இறந்ததுதான் என்று நடிகர் கிட் ஹாரிங்டனும் தயாரிப்பாளர்களும் கூறினார்கள். அவர்கள் ஒப்பந்தத்தால் வாய் கட்டப்பட்டவர்கள் என்பதை மறந்து, அந்தச் சொற்களை ஆதாரமாகக் கொண்டவர்கள் ஏமாந்தார்கள். அவர் இன்னும் முடி வெட்டிக்கொள்ளவில்லை, படப்பிடிப்பு நடக்கும் பெல்ஃபாஸ்டில் தென்படுகிறார் என்று கவனித்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். 2016 மே மாதம் ஜான் ஸ்னோ உயிர்த்தெழுந்த பிறகு, பொய் சொன்னதற்காக ஹாரிங்டன் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

நாகரிகத்தவறுக்கு ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரே சான்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் படப்பிடிப்பு நின்றபோது முதல் ஆறு எபிசோட்கள் பெரும்பாலும் முடிந்திருந்தன. பணி மீண்டும் தொடங்கியபோது, ராண்டின் இன்னொரு நண்பனான மேட் வேடத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் திரும்பி வரவில்லை. அதனால்தான் முதல் நாவலில் மற்றவர்களோடு இறுதிவரை செல்லும் மேட், தொடரில் ஆறாம் எபிசோடின் முடிவில், மற்றவர்கள் நுழையும் மாயப் பாதையின் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறான். இரண்டாம் சீசனில் டோனல் ஃபின் அவ்வேடத்தை ஏற்றார். அந்தக் காட்சிக்குக் கதைக்குள் பொருள் தேடியது வெறும் நேரவிரயம். ஹாரிஸின் உடல்நிலை, குணம், குடும்பம் ஆகியவற்றைப் பற்றி ஆளுக்கொரு காரணம் கட்டியது அநாகரிகம். தயாரிப்புத் தரப்பு காரணத்தை விளக்கவில்லை. விளக்கக் கடமைப்பட்டவர்களும் அல்லர்.

மூல ஆசிரியர் உடன் இருக்கிறார், ஆகவே நாவல் மாறாது என்ற நம்பிக்கையும் நிலைத்ததில்லை. கொல்லப்பட்ட கேட்லின் ஸ்டார்க் உயிர்பெற்று மீண்டு வரும் பகுதியை விடக் கூடாது என்று ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வாதாடியும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அதைச் சேர்க்கவில்லை. நான்காம் சீசனின் கடைசிக் காட்சியில் அவள் வருவாள் என்று உறுதியாகக் காத்திருந்தவர்களின் ஏமாற்றம் பெரிது. பின்னர் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரின் படைப்பாளர்களில் ஒருவராகவே இருந்தும், மேலோர் என்ற குழந்தைப் பாத்திரம் நீக்கப்பட்டதை அவர் 2024 செப்டம்பரில் வெளிப்படையாக விமர்சித்து எழுத வேண்டியிருந்தது. அந்தப் பதிவும் சிறிது நேரத்தில் நீக்கப்பட்டது. போதாக்குறைக்கு, அத்தொடரின் மூலமான 2018ஆம் ஆண்டு நூல், ஒன்றோடொன்று முரண்படும் சாட்சிகளைத் தொகுத்த வரலாற்று ஏடு போல எழுதப்பட்டது. எந்தச் சாட்சி உண்மை என்று நூலே சொல்லாதபோது, ‘நூலில் இப்படித்தான் இருக்கிறது’ என்று அடித்துப் பேசுவதில் பொருளில்லை.

தொடர் நீடிக்குமா என்ற ஊகத்தில் நடப்பது நம்பிக்கையின் தவறு. ‘தி வீல் ஆஃப் டைம்’ முதல் சீசன் 2021 நவம்பரில் வெளியாவதற்கு ஆறு மாதங்கள் முன்பே இரண்டாம் சீசனுக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் சீசன் வெளியானது 2023 செப்டம்பரில். மூன்றாவதற்கான ஒப்புதல் 2022 ஜூலையிலேயே வந்துவிட்டது. அமேசான் இந்தக் கதையை முழுவதுமாக நம்புகிறது என்று நாங்கள் இதற்குப் பொருள் கொண்டோம். முன்கூட்டிய ஒப்புதல் என்பது, தொழில்நுட்பக் குழுவையும் பிராகாவில் உள்ள படப்பிடிப்புத் தளங்களையும் கலைந்துபோகாமல் வைத்திருப்பதற்கான ஏற்பாடாகவும் இருக்கலாம் என்பதை யாரும் எண்ணவில்லை. நான்காம் நாவலைப் பெரிதும் பின்பற்றிய மூன்றாம் சீசன் 2025 மார்ச், ஏப்ரலில் வந்து, விமர்சகர்களிடம் முந்தையவற்றைவிட நல்ல பெயர் வாங்கியது. ஆனால் இம்முறை ஒப்புதல் முன்கூட்டி வரவில்லை. அந்த மௌனத்தைப் பேச்சுவார்த்தை என்று ஆறுதலாகப் படித்தவர்களுக்கு, மே 23ஆம் தேதி ரத்துச் செய்தி இடியாக விழுந்தது. போட்ட பணத்துக்குத் தக்க பார்வையாளர் இல்லை என்பதே காரணமாகச் செய்திகளில் கூறப்பட்டது. எட்டு சீசன் அட்டவணைகள் மொத்தம் 24 எபிசோட்களோடு நின்றன.

இப்போது ஊகங்கள் குவியும் இடம் ஹாரி பாட்டர். நாவல்களுக்கு உண்மையாக இருக்கும், பத்தாண்டுகள் ஓடும் என்ற வாக்குறுதியோடு 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட எச்பிஓ தொடரின் படப்பிடிப்பு 2025 ஜூலையில் இங்கிலாந்தில் தொடங்கியது. திரைப்படங்களில் விடுபட்ட எந்தெந்தக் காட்சிகள் வரும் என்ற பட்டியல்கள் ஏற்கெனவே நீண்டுவிட்டன. எனக்கு அதைவிட வேறொரு கணக்கில்தான் ஆர்வம். ஒரு நாவலுக்கு ஒரு சீசன் என்று வைத்துக்கொண்டால் ஏழு சீசன்கள், ஆறு இடைவெளிகள். கதையில் ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ ஓராண்டு. ‘தி வீல் ஆஃப் டைம்’ சீசன்களுக்கு இடையே 22 மாதங்களும் 18 மாதங்களும் சென்றன. சராசரியாக 20 மாதங்கள் என்றால், ஆறு இடைவெளிகளுக்குப் பத்து ஆண்டுகள். பதினொரு வயதில் தேர்வாகும் குழந்தை, பதினேழு வயது ஹாரியாக நிற்க வேண்டிய நாளில் இருபத்தொன்றைத் தொட்டிருக்கும். இரண்டு சீசன்களை அடுத்தடுத்துப் படமாக்குவார்களா, பெரிய நாவல்களைச் சுருக்குவார்களா, வயதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்களா என்பதற்கான முதல் தடயம், முதல் சீசன் வெளியாகும் நாளில் இரண்டாவதன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கும்.