வேலைக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தும் விதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றித் தரும் வேலைக்காகப் போயிருந்தேன். மொத்தம் ஆறு நாள் வேலை. முதல் நாள் காலை, தகவல் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தவர்களுக்குத்தான் பயனர் கணக்கு தருவோம் என்றார்கள். பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேட்டேன். நிறுவனத்தின் உள்வலைத்தளத்தில் காணொளியாக இருக்கிறதாம். அதைத் திறக்கப் பயனர் கணக்கு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். மூன்றாம் நாள் மதியம் அங்கே பணிபுரியும் ஒருவர் இரக்கப்பட்டு, தன் கணக்கில் நுழைந்து எனக்காக அந்தக் காணொளியை ஓடவிட்டார். அதன் முதல் பாடம்: உங்கள் கணக்கை வேறு யாரும் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள்.

ஒப்பந்த வேலைக்குப் போகிற யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விதியை எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வேலையைத் தடுக்கிற விதி வேலையை நிறுத்துவதில்லை. வேலை எப்படியும் நடந்துவிடுகிறது, விதியை எழுதியவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

வெளியாட்களைக் கண்டு பயப்படுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது, குளிர்சாதனப் பணிகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து திருடிய கடவுச்சொல்லைக் கொண்டுதான். இதைக் காரணம் காட்டித்தான் பல இடங்களில் வெளியாட்களுக்கான விதிகளை இறுக்கினார்கள். ஆனால் அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஒப்பந்த நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது பில் அனுப்பவும் வேலை விவரங்களைப் பார்க்கவும் ஒரு வழி. அந்த வழியாக நுழைந்தவர்கள் கடைகளின் பணப்பெட்டிக் கணினிகள் வரை போக முடிந்தது. நடுவில் சுவர் இருந்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் ஆட்களை மூன்று நாள் வரவேற்பறையில் உட்காரவைத்திருந்தாலும் திருட்டு நடந்தேதான் இருக்கும்.

வருகிற நாள் தெரிந்தும் கணக்கைத் தயார் செய்யாமல் இருப்பது

என் அனுபவத்தில் மிகப் பெரிய தவறு இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி ஆறு வாரம் ஆகியிருக்கும். வருகிறவரின் பெயர், தேதி, செய்யப்போகும் வேலை எல்லாம் தெரியும். ஆனால் கணக்குக்கான விண்ணப்பம் அவர் வந்து நின்ற பிறகுதான் நகரத் தொடங்கும். தற்காலிகக் கடவுச்சொல்லை அனுப்பிவைப்பார்கள், அதே கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாத மின்னஞ்சல் பெட்டிக்கு. ஊழியர் எண் இல்லாதவரின் விண்ணப்பத்தைப் படிவம் ஏற்காது.

வேலைக்கோ கெடு இருக்கிறது. இரண்டாம் நாளே யாராவது ஓர் ஊழியர், “இப்போதைக்கு என் கணக்கில் செய்யுங்கள்” என்று கீபோர்டை நகர்த்திவிடுவார். அந்த நிமிடத்தோடு, யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி எழுதிவைக்கும் பதிவேடுகளுக்கு அர்த்தம் போய்விடுகிறது. இரவு பதினொரு மணிக்கு ஓர் அட்டவணையை அழித்தது யார் என்று பிறகு தணிக்கையாளர் தேடினால், நல்லெண்ணத்தோடு உதவிய ஊழியரின் பெயர் இருக்கும். வெளியாள் அங்கே வந்துபோனதற்கே தடயம் இருக்காது. எந்த ஆபத்தைத் தடுப்பதற்காக அந்த ஒன்பது பக்கப் படிவம் உருவானதோ, அதே ஆபத்தைப் படிவமே கூட்டிவந்துவிட்டது.

செய்ய வேண்டியது பெரிய தொழில்நுட்பமும் அல்ல. வருகிறவரின் சொந்தப் பெயரில் ஒரு கணக்கு. அவர் தொட வேண்டிய சர்வர்களுக்கு மட்டும் அனுமதி. வேலை முடியும் தேதியில் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு. இது அவர் வருவதற்கு முதல் நாளே தயாராகி, யாராவது ஒருவர் அதில் நுழைந்தும் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்கிற இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடுவேன்.

காலாவதியான கடவுச்சொல் விதிகளைக் கட்டி அழுவது

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, சில மாதங்களுக்கு ஒரு முறை கட்டாய மாற்றம் என்ற மந்திரத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 2004இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின் பிற்சேர்க்கையிலிருந்துதான் இது உலகமெங்கும் பரவியது. அதை எழுதிய பில் பர் என்பவர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியது. கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழிய மாற்றச் சொல்ல வேண்டாம், இந்தக் குறி அந்த எழுத்து என்று கட்டாயப்படுத்த வேண்டாம், நீளமாக வைத்துக்கொள்ள இடம் கொடுங்கள் என்றது. 2019இல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து கட்டாய மாற்றத்தை நீக்கிவிட்டது.

காரணம் எளிது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மாற்றுவார்கள். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இல்லாத கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முந்தைய கடவுச்சொல் தெரிந்தால், அடுத்து வந்தவற்றில் 41 சதவீதத்தைத் தலா சில நொடிகளில் கணினியால் கண்டுபிடிக்க முடிந்தது.

ஒப்பந்தப் பணியாளரிடம் இதே விதி இன்னும் விபரீதமாகிறது. அவருக்கு ஐந்து வாடிக்கையாளர்கள், ஐந்து கடவுச்சொற்கள், ஐந்து விதமான விதிகள். ஓரிடத்தில் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, இன்னோரிடத்தில் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்கு வருபவருக்கு அறுபது நாள் கெடு வைத்தால், ஒவ்வொரு முறையும் அவர் வந்து பார்ப்பது பூட்டிய கதவைத்தான். அதைத் திறக்கவே பாதி நாள் போகும். கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கடவுச்சொல் மேலாளர் மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டவும் முடியாதபடி அந்த வசதியைத் தடுத்திருப்பார்கள். பிறகு அவர் தாளில் எழுதிவைக்காமல் வேறு என்ன செய்வார்? 2015இல் பிரான்சின் டிவி5 மோண்ட் தொலைக்காட்சி இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் ஊழியர் ஒருவர் அதைப் பற்றிக் கொடுத்த பேட்டியில், அவருக்குப் பின்னால் கடவுச்சொற்கள் எழுதிய தாள்கள் ஒட்டப்பட்டிருந்தது திரையில் தெரிந்தது.

வாசலில் கெடுபிடி, உள்ளே கேட்பாரில்லை

லேப்டாப்பின் வரிசை எண்ணைப் பெரிய நோட்டில் எழுதுவார்கள். சார்ஜருக்கும் ஒரு வரி. செல்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர். மாலையில் எண் ஒத்துப்போனால் போகலாம். அந்த லேப்டாப்புக்குள் காலையில் இல்லாத எத்தனை கோப்புகள் மாலையில் இருக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. கடுகு போகிற இடத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போகிற இடம் தெரியவில்லை. ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பக்கக் கேமராவை மறந்துவிட்டு, பின்பக்கத்தில் மட்டும் ஒட்டிய இடங்களும் உண்டு.

பென் டிரைவ் தடை அப்படிப்பட்ட சடங்கு அல்ல, அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓர் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களைப் போட்டுவைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், குறைந்தது 45 சதவீதத்தில் யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்ததாக 2016இல் எழுதினார்கள். தடையில் தவறில்லை. கோப்பைக் கொண்டுபோக வேறு வழி தராமல் தடைபோடுவதுதான் தவறு. ஓரிடத்தில் ஒரு பிழைப்பதிவை (மென்பொருள் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் கோப்பு) மென்பொருள் தயாரித்தவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பென் டிரைவுக்குத் தடை. மின்னஞ்சலோடு இணைத்த கோப்பை வடிகட்டி மென்பொருள் விழுங்கிவிட்டது. கோப்புப் பகிர்வுத் தளங்கள் எதுவும் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பிரிவின் பொறுப்பாளரே தன் செல்பேசியில் திரையைப் பதினேழு படங்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் படங்களில் சர்வர்களின் பெயர்களும் முகவரிகளும் தெளிவாகத் தெரிந்தன. வைரஸ் சோதனை செய்து, யார் எதை அனுப்பினார் என்று பதிவு செய்கிற ஒரு கோப்புப் பரிமாற்ற இடத்தை நிறுவனமே கொடுத்திருந்தால், அவர் செல்பேசியை எடுத்திருக்கவே மாட்டார்.

மென்பொருள் நிறுவுவதற்கென்றே அழைத்துவிட்டு நிறுவும் உரிமையைத் தராமல் இருப்பது, நான்கு மணி நேரம் ஓடும் நகலெடுப்பின் நடுவே இணைப்பை அறுக்கிற நேர வரம்பு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊழியர் ஒருவர் வந்து ஓடிபி சொல்ல வேண்டிய நிலை ஆகியவையும் உண்டு. ஒரே ஒரு முறை, விதியை எழுதியவரை வந்தவரின் நாற்காலியில் அரை நாள் உட்காரச் சொன்னால் இவை சரியாகிவிடும்.

விலக்குத் தரும் அதிகாரம் யாரிடமும் இல்லாமல் விடுவது

எந்த விதிக்கும் விலக்கு தேவைப்படும் நாள் வரும். அன்று யாரைக் கேட்பது? இயக்குநர் சம்மதம் சொல்லியிருப்பார், வலைப்பின்னலுக்குக் காவலான ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை, அதாவது தரவு போய்வரும் ஒரு வாசலை, திறக்கும் இடத்தில் இருப்பவர் “கொள்கை அனுமதிக்கவில்லை” என்பார். அந்தக் கொள்கையை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்பது அவருக்கும் தெரியாது. எழுதியவர் எப்போதோ போயிருப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத இடம் இது. ஒவ்வொரு விதிக்கும் பொறுப்பான ஒருவரின் பெயரும், அது எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்ற ஒரு வரியும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். விலக்குக்கு முடிவுத் தேதியும் போட்டுவிட்டால் அதுவே நிரந்தர ஓட்டையாக மாறாது.

வருகிறவர்களின் பங்கு

நாங்களும் சுத்தமில்லை. பொறுமை போனதும் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்போடு இணைத்துக்கொண்டு, அதே நேரத்தில் உள்வலைப்பின்னலிலும் இருப்பது நம்மில் பலர் செய்கிற காரியம். வாடிக்கையாளரின் கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் அப்படித்தான். ஏதாவது நடந்தால் முதலில் விரல் நீட்டப்படுவது வெளியாளை நோக்கித்தான். அதனால் போவதற்கு இரண்டு வாரம் முன்பே தேவைப்படும் சர்வர் முகவரிகள், போர்ட்கள், மென்பொருள்கள், நாட்கள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. தடைப்பட்டால், தடைப்பட்ட அன்றே எத்தனை மணி நேரம் எதற்காகக் காத்திருந்தோம் என்று ஒரு மின்னஞ்சல். வாய்வார்த்தையாகக் குறைசொன்னால் தலையாட்டுவார்கள். எழுத்தில் மணி நேரமாக வந்து, அது பில்லிலும் ஏறினால் யாராவது எழுந்து நடப்பார்கள்.

போனவரை மறந்துவிடுவது

உள்ளே விட மூன்று நாள் யோசித்த அந்த முதல் நிறுவனத்துக்கே திரும்புகிறேன். வேலை முடிந்தது, அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன், நோட்டில் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது: உங்கள் கடவுச்சொல் 14 நாளில் காலாவதியாகிறது, உடனே மாற்றவும். என் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, தயவுசெய்து மூடிவிடுங்கள் என்று உதவி மையத்துக்கு எழுதினேன். கணக்கை மூடுவதற்கான கோரிக்கையை உள்வலைத்தளத்தில் நுழைந்துதான் பதிவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.