புதியவருக்குக் கிளிப்பர் பிடிக்கச் சொல்லித்தரும்போது

சலூனில் சேர்ந்த புதியவருக்கு ஃபேட் கட்டிங் (கீழே குட்டையாகத் தொடங்கி மேலே போகப்போக முடி நீளும் வெட்டு) கற்றுத்தருகிறீர்களா? முதலில் கிளிப்பரில் (முடிவெட்டும் மெஷினில்) மாட்டும் சீப்பு போன்ற கார்டின் (guard) எண்களை மனதில் பதிய வையுங்கள்: 1 என்றால் மிஞ்சும் முடி சுமார் 3 மி.மீ., 2 என்றால் 6, 4 என்றால் 13. எப்போதும் பெரிய எண்ணில் தொடங்கட்டும். அதிகம் வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது.

காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் கை தடுமாறும். அங்கே கிளிப்பரை அழுத்தாமல், மணிக்கட்டை லேசாக வெளிப்பக்கம் திருப்பி எடுப்பதை மெதுவாகச் செய்துகாட்டுங்கள். அப்புறம் அவரையே செய்யவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். சொல்லித்தரும்போது நம் கையும் தெளிகிறது, பெரிய வேலைகளும் தைரியமாக எடுக்க முடிகிறது. வாடிக்கையாளர் எதிரில் மட்டும் அவரைத் திட்டாதீர்கள், நம்பிக்கை போய்விடும்.

தலைச்சாயம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே பேட்ச் டெஸ்ட் (சாயத்தைக் கொஞ்சம் தோலில் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது). எவ்வளவு அவசரமானாலும் இதைத் தவிர்க்க விடாதீர்கள்.