பறக்கும் விமானத்தைப் படமெடுப்பது எப்படி? கோவை வட்டாரப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கோவைக்காரர்களுக்குப் போர் விமானத்தின் இரைச்சல் புதிதல்ல. இந்தியாவின் முதல் தேஜஸ் படையணி 2018-இல் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்தது. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவுக்கும் சூலூரே இருப்பிடம். ஆயினும் பாதுகாப்புத் தளத்தின் வேலியோரம் நின்று படமெடுக்க முயலாதீர்கள். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பொதுமக்களை அழைத்து நடத்தும் காட்சிகளே நமக்குரியவை. அவற்றுள் கொங்கு நாட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடியது, ஓராண்டு விட்டு ஓராண்டு பெங்களூருவின் எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகசக் காட்சியைப் போன்றவை எப்போதாவதுதான் வாய்க்கும்.

முதற்படியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஃபோகஸை, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். நிக்கான், சோனி கேமராக்களில் அது ஏஎஃப்-சி, கேனனில் செர்வோ. படங்கள் அடுத்தடுத்து விழும்படி பர்ஸ்ட் முறையை வையுங்கள். 70–300 மி.மீ. லென்ஸ் தொடக்கத்துக்குப் போதும். ஓரிரு காட்சிகளைப் பார்க்காமல் பெரிய லென்ஸுக்குப் பணம் போடுவது வீண் என்பது என் கருத்து.

இரண்டாவது படி ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விட ஷட்டர் திறந்திருக்கும் நேரம். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். ஜெட் விமானத்துக்கு 1/1600 நொடி வையுங்கள். நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 அதற்குச் சரியாக இருக்கும். அதே அமைப்பில் சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டரை எடுத்தால், படம் துல்லியமாக இருந்தும் உயிரற்றுப் போகும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்றுச் சுற்றும் ரோட்டர் (மேலுள்ள விசிறி), 1/1600 நொடியில் 2 பாகைக்கும் குறைவாகவே நகர்வதால், இறக்கைகள் அசையாமல் நின்று, இயந்திரம் அணைந்து வானில் தொங்குவது போலத் தெரியும். 1/125 நொடிக்கு இறக்கினால் ரோட்டர் 14 பாகை நகர்ந்து, சுழற்சி கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு மெதுவாக எடுக்கக் கை இன்னும் பழகவில்லை என்றால் 1/250-இல் தொடங்குங்கள். வேகத்தைக் குறைக்கும்போது ஒளி மிகுதியாகும் என்பதால், ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, அப்பெர்ச்சரை எஃப்14 வரை சுருக்க வேண்டியிருக்கும். அப்போது படம் பதியும் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வெற்று வானத்தில் கரும்புள்ளிகளாக விழும். ஆகவே முந்தைய நாளே சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள். புரொப்பல்லர் விமானங்களுக்கும் இதே கணக்குதான்.

மூன்றாவது படி உடலின் நிலை. விமானம் போய்ச்சேரும் திசையை நோக்கிக் கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் அது வரும் திசைக்குத் திருப்பி நில்லுங்கள். அது நெருங்க நெருங்க உடல் முறுக்கவிழ்ந்து தானாகவே நேராகும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, பட்டனை அழுத்திய பிறகும் கேமராவை நிறுத்தாமல் தொடர்ந்து திருப்புங்கள். வெற்று வானத்தில் ஃபோகஸ் தடுமாறும் என்பதால், விமானம் வருமுன்பே தொலைவிலுள்ள மேகத்திலோ மரத்திலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்வது நல்லது. இதைப் பழகச் சிங்காநல்லூர்க் குளத்துப் பறவைகள் போதும். செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் போட்டி நடக்கும் நாளில் பார்வையாளராகச் சென்றால், கிடைமட்டமாகத் திருப்பும் பழக்கம் இன்னும் விரைவில் கைவரும்.

நான்காவது, வெளிச்சம். வானத்தின் பிரகாசத்தை அளந்து கேமரா விமானத்தைக் கருநிழலாக்கிவிடும். தானியங்கி அளவீட்டில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அளவுக்கு உயர்த்துங்கள், மேகமூட்டமான நாளில் +1 அல்லது அதற்கும் மேல். உச்சி வெயிலில் விமானத்தின் அடிப்பகுதி நிழலிலேயே இருக்கும் என்பதால், நேராகத் தலைக்கு மேல் பறக்கும்போது படங்களை வீணாக்காமல், அது ஒருக்களித்துத் திரும்பி முதுகைக் காட்டும் கணத்துக்குக் காத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு இடம் பிடிப்பதற்கு, முன்வரிசையில் நிற்பதைவிட முதலிடம் கொடுக்கலாம்.

வீடு திரும்பியதும், விமானி அமர்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கூர்மை இல்லாத படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது, தயங்காமல் அழித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை வெட்டிச் சீராக்கும்போது, விமானத்தின் வாலுக்குப் பின்னால் உள்ளதைவிட மூக்குக்கு முன்னால் அதிக இடம் விடுங்கள்.