பாலிஸ்டைரீன் கோளங்களில் ஓப்பல் படலம்: வளர்ப்பதும் அளப்பதும்

ஓப்பல் கல்லின் வண்ணம் நிறமியால் வருவதல்ல. ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் உள்ளே அடுக்கடுக்காக நெருங்கி உட்கார்ந்திருப்பதே காரணம் என்பதை 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி சாண்டர்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினார். அதே அடுக்கைக் கண்ணாடி ஸ்லைடின் மேல், தண்ணீர் வற்றும் போக்கில் தானாகவே அமைய வைக்கலாம். பளபளப்பு வருவது பெரிய விஷயமில்லை, ஏனோதானோவென்று செய்தாலும் வரும். அளந்து கணக்குப் போடத் தகுந்த படலம் வேண்டுமென்றால்தான் கீழே உள்ள கவனமெல்லாம் தேவை.

கோளத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்கு பாலிஸ்டைரீன்தான் (தெர்மோகோல் செய்யும் பிளாஸ்டிக்) வசதி. அதன் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீருக்குச் சமம். அறை வெப்பநிலையில் 250 நா.மீ. (நானோமீட்டர், மி.மீ.-இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள பாலிஸ்டைரீன் கோளம் ஒரு நாளில் சுமார் 0.15 மி.மீ. இறங்கும், அதே அளவு சிலிக்கா சுமார் 3 மி.மீ. இறங்கிவிடும். சிலிக்காவில் படலம் வளர்வதற்குள் பாதிச் சரக்கு அடியில் தங்கிப்போவது இதனால்தான்.

நிறத்தைக் கணிக்க ஒரு சுருக்கு வழி: காய்ந்த பாலிஸ்டைரீன் ஓப்பலை நேர்குத்தாகப் பார்த்தால், பிரதிபலிப்பு உச்சம் கோளத்தின் விட்டத்தைப் போல 2.38 மடங்கு அலைநீளத்தில் இருக்கும். 190 நா.மீ. நீலம், 220 பச்சை, 250 ஆரஞ்சு. சிலிக்காவுக்கு 2.2 மடங்கு. கோளத்துக்குக் கோளம் விட்டம் மாறும் அளவு 5 சதவீதத்தைத் தாண்டிய சரக்கை வாங்காதீர்கள். அதற்குமேல் எவ்வளவு பொறுமையாக உலர்த்தினாலும் ஒழுங்கு வராது.

கழுவுதல்

கடைச் சரக்கில் சோப்புப் போன்ற பரப்புவினைப் பொருள் கலந்திருக்கும். அது நீரின் விளிம்பைக் குலைத்துப் படலத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழ வைக்கும். 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு) விசையில் 30–40 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, அயனி நீக்கிய நீரில் மறுபடி கலக்குங்கள். இப்படி மூன்று முறை. கடைசியில் 15 நிமிடம் சோனிகேட்டர் தொட்டியில் (மீயொலியால் கட்டிகளை உடைக்கும் தொட்டி) வையுங்கள். கட்டி எதுவும் மிஞ்சக்கூடாது.

ஸ்லைடை நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு நீர் 5 பங்கு, அமோனியா 1 பங்கு, 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு சேர்ந்த கலவையில் 70 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வையுங்கள். புகைப்போக்கி அலமாரிக்குள், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யவேண்டிய வேலை இது. எடுத்து நீரில் அலசிச் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் துளித்துளியாகப் பிரியாமல் ஒரே விரிப்பாக வழிய வேண்டும். ஒரு இடத்தில் துளி கூடினாலும் அந்த இடத்தில் படலம் ஒட்டாது. மறுபடி சுத்தம் செய்வதே மேல்.

வளர்த்தல்

10% கோளம் கலந்த சரக்கில் 0.4 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 20 மி.லி. ஆக்கினால் 0.2% கிடைக்கும். அதை 25 மி.லி. பீக்கரில் ஊற்றி, ஸ்லைடைச் செங்குத்திலிருந்து கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள். 60 டிகிரி ஓவனில், காற்றாடியை அணைத்துவிட்டு, ஒன்றிலிருந்து மூன்று நாள் தொடாமல் விடவேண்டும். நீர் மட்டம் இறங்க இறங்க, ஈரவிளிம்பில் ஆவியாகும் நீர் கோளங்களை அங்கே இழுத்துவந்து அடுக்கும்.

கோளாறுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குறுக்கே கோடுகள் விழுந்தால் நீர்விளிம்பு ஓரிடத்தில் ஒட்டி நின்று திடீரென நழுவியிருக்கிறது: வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கும், சோப்பு மிச்சமிருக்கும், அல்லது வெற்றிட பம்பு ஓடும் அதே மேசையில் ஓவன் இருக்கும். ஓவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நேரம்கூட ஒரு கோடாகப் பதிந்துவிடும். மேலே மெலிந்தும் கீழே தடித்தும் இருப்பது தவறல்ல. நீர் வற்றும்போது மிச்சக் கரைசல் அடர்ந்துகொண்டே போகும். எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். கோளங்கள் உலரும்போது சுருங்குவதால் நுண்விரிசல் எப்படியும் வரும். 0.5% போல அடர்த்தியைக் கூட்டினால் படலம் தடித்து விரிசல் இன்னும் அகலமாகும்.

படலம் உலர்ந்தபின் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கோளங்கள் தொடும் இடத்தில் லேசாக ஒட்டிக்கொள்ளும். 100 டிகிரிப் பக்கம் போனால் பாலிஸ்டைரீன் இளகும், இடைவெளி மூடும், நிறம் மறைந்து வெறும் பிளாஸ்டிக் படலம் மிஞ்சும்.

அளத்தல்

ஸ்லைடின் பின்பக்கப் படலத்தை எத்தனால் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்துக் கருப்பு டேப் ஒட்டுங்கள். ஹாலஜன் விளக்கு, ஒளியிழை, ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) போதும். அலுமினியக் கண்ணாடியை ஒப்பளவாகவும், விளக்கை மறைத்த அளவீட்டை இருள் அளவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சத்தின் இருபுறமும் சின்னச் சின்ன அலைகள் தெரிந்தால் சந்தோஷப்படலாம், படலத்தின் தடிமன் சீராக இருக்கிறது என்று பொருள். உச்சத்தை விட்டுத் தள்ளி, பக்கத்துப் பக்கத்து இரு அலைமுகடுகளை எடுங்கள்: 700, 740 நா.மீ. என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் தலைகீழ்களின் வித்தியாசத்தை 2 × 1.46-ஆல் (1.46 என்பது படலத்தின் சராசரி ஒளிவிலகல் எண்) பெருக்கித் தலைகீழாக்கினால் சுமார் 4,435 நா.மீ. தடிமன். 250 நா.மீ. கோளத்துக்கு அடுக்கிடைத் தூரம் 204 நா.மீ. (விட்டத்தில் 0.816 பங்கு), ஆகவே ஏறத்தாழ 22 அடுக்கு.

கோண அளவீட்டைத் தவறவிடாதீர்கள். 250 நா.மீ. கோளத்துக்கு உச்சம் நேர்குத்தில் 596, 30 பாகையில் 560, 45 பாகையில் 521 என்று நீலப்பக்கம் நகரும். அலைநீளத்தின் இருமடியை, கோணத்தின் சைன் இருமடிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சரிவின் அளவு அடுக்கிடைத் தூரத்தின் இருமடியைப் போல நான்கு மடங்கு. இங்கே சுமார் 1,66,600. வெட்டுத்துண்டை (கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தின் மதிப்பு) சரிவின் அளவால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் சராசரி ஒளிவிலகல் எண் கிடைக்கும். கோளங்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் (74% கோளம், 26% காற்று) அது 1.46. 1.42 என்று வந்தால் அடுக்கில் காலியிடமும் விரிசலும் அதிகம். ஒரே ஒரு கோணத்தில் அளந்து, விற்பவர் சொன்ன விட்டத்தைப் போட்டுக் கணக்கை ஒப்பேற்றினால் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. ஒளிச்சிதறல் முறையில் அளந்த விட்டம் நீருக்குள் இருக்கும்போதானது. காய்ந்த கோளத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் காட்டும். 50 பாகைக்கு மேல் வேறு படிகத் தளங்களும் குறுக்கிட்டு உச்சம் பிளவுபடலாம், அந்தப் புள்ளிகளைக் கோட்டில் சேர்க்காதீர்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதானால் மேலே சில நா.மீ. தங்கம் பூசி, குறைந்த மின்னழுத்தத்தில் பாருங்கள். கற்றை நெடுநேரம் ஒரே இடத்தில் விழுந்தால் கோளமே சுருங்கும்.

கடைசியாக ஒரு சொட்டு எத்தனால் விட்டு மறுபடி அளக்கலாம். இடைவெளிகள் நிரம்பி உச்சம் 596-லிருந்து 626 பக்கம் நகரும், உயரமும் குறையும், உலர்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். நகர்வு 10 நா.மீ. மட்டும்தான் என்றால், சூடாக்கியபோது இடைவெளிகள் மூடிக்கொண்டுவிட்டன. டொலுயீன், அசிட்டோன் கிட்டேயே வரக்கூடாது; பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.